பள்ளி தரும் சான்றுரையும் கம்ப்யூட்டரும்

"சிபாரிசுக் கடிதம்" என்ற சொல்லுக்கு நம்மிடையே அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. வேலைக்கோ, கல்லூரி இடத்துக்கோ, சில சமயம் கப்பல் டிக்கெட்டுக்கோகூட, வேண்டியவர் ஒருவரிடம் போய் நின்று வாங்கி வரும் துண்டுச்சீட்டு என்றே அதைப் புரிந்து வைத்திருக்கிறோம். ஆகவே இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, "அப்பா, ஸ்கூலிலிருந்து ரெஃபரன்ஸ் கேட்கிறார்கள்" என்று வந்து சொன்னதும், பெரிய மனிதர் யாரைப் பிடிக்கலாம் என்று நம் யோசனை ஓடுகிறது. அங்கே கேட்பது அதுவன்று. பிள்ளையை வகுப்பறையில் நேரில் பார்த்த ஆசிரியர், தாம் பார்த்ததை எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான். அதனால் இக்கட்டுரையில் அதைச் "சான்றுரை" என்றே அழைப்போம்.

புரோத்ராபூர், கராச்சர்மா, ஸ்கூல் லைன் பக்கத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களில், பிள்ளைகளை மேற்படிப்புக்குச் சென்னை, புதுச்சேரி, கோவை என்று மெயின்லேண்டுக்கு அனுப்புவது பழகிப்போன விஷயம். அதற்கு மேலே ஓர் அடி எடுத்து வைத்து, வெளிநாட்டில் இளநிலைப் படிப்புக்கே விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, வங்கிக் கடன் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம். சான்றுரையைப் பற்றி மட்டும் கடைசி வாரம்வரை யாரும் வாய் திறப்பதில்லை.

இதில் ஆசிரியர்களையும் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் கல்லூரிச் சேர்க்கை என்பது மதிப்பெண்ணும் நுழைவுத்தேர்வும்தான். பொறியியலுக்கு ஜே.இ.இ., மருத்துவத்துக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட். இவற்றில் எதிலும் ஆசிரியரின் வார்த்தைக்கு இடமில்லை. பள்ளி தருவது மாற்றுச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் மட்டுமே. அந்த நன்னடத்தைச் சான்றிதழிலும் அச்சடித்த ஒற்றை வரி இருக்கும். பெயரை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால் தீர்ந்தது. முப்பது வருடம் பாடம் நடத்திய ஆசிரியர்கூட, ஒரு மாணவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதும்படி ஒருமுறைகூடக் கேட்கப்பட்டிருக்க மாட்டார்.

அங்கே என்ன கேட்கிறார்கள்?

இங்கிலாந்தில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஒரே பொது மையம் உண்டு. 1961-இல் தொடங்கிய பழைய அமைப்பும், பாலிடெக்னிக்குகளுக்கென இருந்த இன்னொரு அமைப்பும் 1993-இல் ஒன்றாகி "யூகாஸ்" ஆயிற்று. அந்தக் காலத்தில் காகிதப் படிவத்திலேயே தலைமையாசிரியர் எழுதுவதற்கு இடம் விட்டிருப்பார்கள். இன்று எல்லாமே கம்ப்யூட்டர் வழி. மாணவர் ஐந்து இடங்கள்வரை தேர்ந்தெடுக்கலாம். ஐந்துக்கும் போவது ஒரே சான்றுரை.

2024-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அதன் வடிவத்தை மாற்றிவிட்டார்கள். முன்பு ஆசிரியர் தம் விருப்பப்படி கட்டுரை போல எழுதலாம். இப்போது மூன்று பகுதிகள். முதலாவது, பள்ளியைப் பற்றிய பொதுக் குறிப்பு. இரண்டாவது, மாணவரின் படிப்பைப் பாதித்த நோய், குடும்பத் துயரம் போன்ற சூழ்நிலைகள். மூன்றாவது, அந்த மாணவரைப் பற்றிப் பல்கலைக்கழகம் அறிந்துகொள்ள வேண்டிய வேறு விஷயங்கள். மூன்றும் சேர்ந்து 4000 எழுத்துகளுக்குள், இடைவெளிகளும் உட்பட, அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் சுமார் 600 சொற்கள் என்று கொள்ளலாம்.

முதல் பகுதி நம் தீவுப் பள்ளிகளுக்குப் பெரிய வாய்ப்பு என்பது என் எண்ணம். லண்டனில் உட்கார்ந்து விண்ணப்பம் படிக்கும் அதிகாரிக்குப் புரோத்ராபூர் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? தேசப்படத்தில் அந்தமானைக் கண்டுபிடிப்பதற்கே அவர் சற்றுத் தேட வேண்டியிருக்கும். இங்குள்ள பள்ளி சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது, பிளஸ் டூவில் இன்னின்ன பாடப்பிரிவுகள்தாம் உண்டு, வேண்டிய பாடம் இல்லாததால் இருந்ததை எடுத்தவர்கள் இத்தனை பேர் என்றெல்லாம் பள்ளி எழுதலாம். இணைய வசதியைப் பற்றியும் எழுதலாம். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2300 கிலோமீட்டர் தூரம் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதிதான் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் நமக்கு இருந்தது செயற்கைக்கோள் இணைப்பு மட்டுமே. ஒரு போட்டோவை ஏற்றுவதற்குள் டீ ஆறிவிடும். இன்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் ஆரம்பப் பள்ளிக் காலம் முழுவதும் அப்படியே கழிந்தது. மெயின்லேண்ட் பிள்ளையின் 85 சதவீதத்தையும் நம் பிள்ளையின் 85 சதவீதத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவேண்டாமா? தமிழ் வழியில் படித்துவிட்டு மேல்வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளையாக இருந்தால், அதை மூன்றாம் பகுதியில் சொல்லலாம்.

இரண்டாம் பகுதியில் எழுதுவதற்கு முன்னால் மாணவரின் சம்மதம் வேண்டும். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று நாம் மறைக்கும் பலவும் அங்கே நியாயமான காரணமாக எடுத்துக்கொள்ளப்படும். அதற்காகப் பிள்ளையைக் கேட்காமல் ஆசிரியர் எழுதிவிடவும் கூடாது.

இதோடு இன்னொன்றும் உண்டு; எதிர்பார்ப்பு மதிப்பெண். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு முடிவு மே மாதத்தில்தான் வரும். விண்ணப்பமோ அதற்குப் பல மாதம் முன்பே போய்விடுகிறது. ஆகவே இந்த மாணவர் எந்தப் பாடத்தில் எவ்வளவு எடுப்பார் என்று பள்ளி கணித்துத் தரவேண்டும். அதை வைத்துத்தான் பல்கலைக்கழகம் "இத்தனை எடுத்தால் இடம்" என்று நிபந்தனையோடு கடிதம் அனுப்பும். பிள்ளையின் மேல் உள்ள பிரியத்தில் எல்லாவற்றுக்கும் 95 போட்டால், முடிவு வரும்போது இடம் கைநழுவும் அபாயம் உண்டு. பயந்து குறைத்துப் போட்டாலோ விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். மாதத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் ஒழுங்காகப் பதிவாகி இருந்தால்தான் இந்தக் கணிப்பு நியாயமாக இருக்கும்.

அமெரிக்க முறை வேறு. 1975-இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய "காமன் அப்ளிகேஷன்" என்ற பொது விண்ணப்பத்தை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. அதில் பள்ளி ஆலோசகர் ஓர் அறிக்கை தரவேண்டும். பல கல்லூரிகள் ஒன்றிரண்டு பாட ஆசிரியர்களின் கடிதமும் கேட்கும். நம் பள்ளியில் ஆலோசகர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் பிரின்சிபாலின் பெயரைக் கொடுக்கலாம். ஆசிரியர் கடிதத்தோடு ஓர் அட்டவணையையும் நிரப்பவேண்டும். அறிவார்வம், எழுத்துத் திறன், பொறுப்புணர்வு என்று ஒவ்வொன்றிலும் இந்த மாணவர் சராசரியா, நல்லவரா, தம் ஆசிரியர் வாழ்க்கையிலேயே கண்ட மிகச் சிலரில் ஒருவரா என்று குறிக்க வேண்டும். ஆசிரியர்களின் பெயரைக் கொடுப்பதற்கு முன், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று மாணவரிடம் கேட்பார்கள். 1974-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி வரும் கேள்வி இது. பெரும்பாலோர் விட்டுக்கொடுத்துவிடுவார்கள், அப்போதுதான் ஆசிரியர் மனம்விட்டு எழுதியிருப்பார் என்று கல்லூரி நம்பும்.

மென்பொருள் என்ன செய்கிறது?

ஒரு பள்ளியில் முப்பது பேர் விண்ணப்பிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கைந்து பாட ஆசிரியர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடைசித் தேதி. இதைக் காகிதத்தில் சமாளித்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எனவே மேல்நாட்டுப் பள்ளிகள் இதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் நேவியன்ஸ், பிரிட்டனில் யூனிஃப்ராக், சிங்கப்பூரில் தொடங்கிய சியால்ஃபோ என்று பல உண்டு. இந்தியப் பெருநகரங்களின் சர்வதேசப் பள்ளிகளிலும் இத்தகையவற்றைப் பார்க்கலாம்.

பெயர்தான் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் இருக்கும். கணித ஆசிரியர், இயற்பியல் ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர் ஆகியோர் தத்தம் குறிப்பை அந்தப் பக்கத்தில் எழுதிவிடுவார்கள். வகுப்பாசிரியர் அவற்றைக் கோத்துச் சான்றுரையின் முதல் வரைவைத் தயாரிப்பார். பிரின்சிபால் படித்துத் திருத்தி ஒப்புதல் கொடுப்பார். எந்த மாணவருக்கு யாருடைய குறிப்பு இன்னும் வரவில்லை என்று மென்பொருள் காட்டிக்கொண்டே இருக்கும். தாமதிப்பவருக்கு நினைவூட்டலும் அனுப்பும். எழுத்து எண்ணிக்கை எல்லை தாண்டினால் எச்சரிக்கும். பிறகு அது பல்கலைக்கழக மையத்துக்குப் போய்ச் சேரும்.

நம் தீவுகளைப் பொறுத்தவரை இதில் மற்றவற்றைவிட முக்கியமான பயன் ஒன்று இருக்கிறது. இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு மாற்றல் வருவது சகஜம். பத்தாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் பிள்ளையை நன்றாக அறிந்த ஆசிரியர், சான்றுரை கேட்கும் நேரத்தில் டிக்லிபூரிலோ கார் நிக்கோபாரிலோ இருப்பார். இப்போது வகுப்பெடுப்பவர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். அவர் என்ன எழுதுவார்? "ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்" என்று எழுதுவார். அவரால் முடிந்தது அதுதான். ஆனால் மாற்றலாகிப் போன ஆசிரியர், "கருவி இல்லாத ஆய்வகத்தில் தானே கம்பியும் காந்தமும் கொண்டுவந்து சோதனையைச் செய்து காட்டினாள்" என்று அன்றைக்கே இரண்டு வரி பதிந்து வைத்திருந்தால்? அவர் கப்பல் ஏறிப் போனாலும் அந்த இரண்டு வரி பள்ளியிலேயே தங்கிவிடும். புதிய ஆசிரியர் தேதியோடும் பெயரோடும் அதை எடுத்தாளலாம். ஆசிரியரின் நினைவில் மட்டும் இருப்பது அவரோடு போய்விடுகிறது. எழுதி வைத்தது போவதில்லை.

மதிப்பெண் பட்டியல்கள் இன்று டிஜிலாக்கரில் பத்திரமாக இருக்கின்றன. 2015-இல் அது வந்த பிறகு, சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று போர்டு அலுவலகத்துக்கு அலையும் கஷ்டம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆசிரியரின் வார்த்தைக்கு அத்தகைய பெட்டி ஒன்றும் இல்லை. பள்ளிதான் அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டி வெட்டும் ஆபத்து

கம்ப்யூட்டர் வந்தால் கூடவே ஒரு சோம்பலும் வரும். இதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2009-இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்ற முறையைக் கொண்டுவந்தது. மதிப்பெண்ணோடு, பிள்ளையின் வாழ்க்கைத் திறன்கள், மனப்பான்மை, கலை ஆர்வம் பற்றியும் ஆசிரியர் வாக்கியங்களாக எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல நோக்கந்தான். ஆனால் நாற்பது ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒவ்வொருவருக்கும் இத்தனை தலைப்பில் எழுது என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? தயாராக இருந்த வாக்கியப் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுவது வழக்கமாயிற்று. அண்ணன் ரிப்போர்ட்டில் இருந்த வாசகமே தம்பி ரிப்போர்ட்டிலும் இருக்கும். 2017-இல் அந்த முறை கைவிடப்பட்டது.

சான்றுரையிலும் அதே ஆபத்து உண்டு. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினால், மாணவி "அவன்" ஆகிவிடுவாள். வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் நடுவில் உட்கார்ந்திருக்கும். இன்றைக்குக் கேட்ட மாத்திரத்தில் கடிதம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. ஆங்கிலத்தைச் சரிபார்க்க அவற்றை ஆசிரியர் பயன்படுத்திக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளையைப் பார்த்தறியாத கருவி, பிள்ளையைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்பதுதான் கேள்வி. வழவழப்பான ஆங்கிலத்தில் ஒன்றுமே சொல்லாத கடிதத்தைவிட, தடுமாறும் ஆங்கிலத்தில் ஒரு உண்மைச் சம்பவம் சொல்லும் கடிதம் மேல்.

"சார் கையெழுத்து மட்டும் போட்டால் போதும், கடிதம் நாங்களே எழுதித் தருகிறோம்" என்று சொல்லும் ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆசிரியர் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் தாங்களே உண்டாக்கி, அதற்கு வரும் கேள்விக்கும் தாங்களே பதில் அனுப்பும் ஆசாமிகள் இருக்கிறார்கள். இது போலி ஆவணம். கண்டுபிடிக்கப்பட்டால் இடம் ரத்தாகும். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் ஆபத்துதான். செலவு உங்களுடையது, அவமானம் பிள்ளையுடையது. ஏஜெண்டுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

பெயர்ச் சிக்கல்

மென்பொருளுக்கு மனிதர்களைத் தெரியாது, எழுத்துகளைத்தான் தெரியும். நம் தமிழர்களின் இனிஷியல் அதற்குப் பெரிய தலைவலி. பள்ளி ரிஜிஸ்டரில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, போர்டு சான்றிதழில் வெறும் பெயர் மட்டும் என்று ஒரே பிள்ளை மூன்று விதமாக நிற்கும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, சான்றுரை வேறு பெயரில் வந்தால், இரண்டையும் இணைக்க அங்கே ஒருவர் குழம்ப வேண்டியிருக்கும். ஆசிரியரிடம் கேட்கும்போதே பாஸ்போர்ட் பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப அடையாள எண் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது மின்னஞ்சல். யூகாஸில் பதிவு பெறாத பள்ளியின் மாணவர் தனி விண்ணப்பதாரராகத்தான் போகவேண்டும். நம் பகுதிப் பள்ளிகள் பலவற்றுக்கும் இதுவே நிலை. அப்போது சான்றுரை தருபவரின் முகவரியை மாணவர் விண்ணப்பத்தில் எழுதுவார். அந்த முகவரிக்கு ஓர் இணைப்பு போகும். ஆசிரியர் அதைத் திறந்து நிரப்பவேண்டும். உறவினர், குடும்ப நண்பர் சான்றுரை தரமுடியாது. ஆசிரியரின் சொந்த முகவரியைவிடப் பள்ளியின் முகவரி நம்பிக்கை தரும். பள்ளி முகவரி என்று ஒன்று இருந்தும் அலுவலகத்தில் யாரும் வாரக்கணக்கில் திறப்பதில்லை என்றால் பயனில்லை. வந்த கடிதம் குப்பைப் பெட்டியில் விழுந்து கிடப்பதும் உண்டு. ஆசிரியரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பள்ளிக்கு எது போதும்?

ஆண்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள் விண்ணப்பிக்கும் பள்ளி, காசு கொடுத்துப் பெரிய மென்பொருள் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் உள்ள எக்செல் போன்ற அட்டவணையே போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, படிப்பு, கடைசித் தேதி, யார் எழுதுகிறார், வரைவு வந்ததா, பிரின்சிபால் பார்த்தாரா, அனுப்பியாயிற்றா என்று கட்டங்கள். பக்கத்தில் இன்னொரு தாளில் ஆசிரியர் குறிப்புகள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, பருவத்துக்கு ஒருமுறை, ஒரு பிள்ளைக்கு இரண்டே வரி, தேதியோடு. "நன்று", "பரவாயில்லை" என்று எழுதக்கூடாது. பார்த்த ஒரு விஷயத்தை எழுதவேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகப்போகிறவர் யார் என்று ஒன்பதாம் வகுப்பில் யாருக்குத் தெரியும்? உள்ளூரில் ஜே.என்.ஆர்.எம். கல்லூரியில் சேர்ந்துவிட்டு, பிறகு முதுநிலைக்கு வெளியே விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லூரிப் பேராசிரியர்கள் எழுதவேண்டும். அங்கேயும் இதே அட்டவணை உதவும்.

அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதில் கவனம் தேவை. பிள்ளையின் நோய், வீட்டுக் கஷ்டம் எல்லாம் அதில் இருக்கக்கூடும். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போடவே கூடாது. பிரின்சிபால், பொறுப்பாசிரியர் இருவருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லோடு வைக்கவேண்டும். 2023-ஆம் ஆண்டு இந்தியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. பெரிய நிறுவனம் என்றால் பத்திரம் என்றும் எண்ணிவிட வேண்டாம். நேவியன்ஸை 2021-இல் வாங்கிய பவர்ஸ்கூல் நிறுவனத்தின் மாணவர் பதிவேட்டு மென்பொருளில் 2024 டிசம்பரில் திருடர்கள் புகுந்து, ஏராளமான மாணவர், ஆசிரியர் விவரங்களை அள்ளிச் சென்றார்கள்.

பெற்றோர் செய்யவேண்டியது அதிகமில்லை. பிளஸ் டூ தொடங்கிய உடனே, ஜூலை மாதத்துக்குள், பிள்ளையை ஆசிரியரிடம் நேரில் அனுப்புங்கள். பிள்ளைதான் கேட்கவேண்டும், நாம் பின்னால் நின்று வணக்கம் சொன்னால் போதும். எந்தப் படிப்பு, ஏன் அந்தப் படிப்பு, பள்ளியில் செய்தவை என்னென்ன என்று ஒரு பக்கத்தில் பிள்ளையே எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியர் அதைப் பார்த்து எழுதவேண்டியதில்லை. மறந்ததை நினைவுபடுத்திக்கொள்ள உதவும். கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று பிறகு துருவிக் கேட்காதீர்கள்.

தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கு யூகாஸின் கடைசி நாள் அக்டோபர் 15. மற்றவற்றுக்கு ஜனவரி நடுவில். கடைசி நேரம் அங்கே மாலை 6 மணி என்றால், நமக்கு அக்டோபரில் இரவு 10.30, ஜனவரியில் இரவு 11.30. சான்றுரை முடியாமல் விண்ணப்பம் நகராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே வடகிழக்குப் பருவமழை. கரண்டும் இணையமும் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. டிசம்பர், ஜனவரியில் ஆசிரியர்கள் மாதிரிப் பொதுத்தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள். ஆகவே நம் கணக்கில் கடைசி நாள் என்பது செப்டம்பர் 15 என்றும், ஜனவரி விண்ணப்பத்துக்கு நவம்பர் 30 என்றும் வைத்துக்கொள்வது நல்லது.